மஞ்சள் நூலும் கறுப்பு நூலும்

முன்னொரு காலத்திலே, ஏழு மலை தாண்டி, மலையெல்லாம் முடிந்து கடல் தெரிகிற இடத்திலே, ஒரு உப்பளத்து ஊர் இருந்ததாம். அந்த ஊரிலே உலகம்மை என்று ஒரு சிறுமி இருந்தாளாம். அவளுக்குச் சுடலை என்று ஒரு தம்பி. அப்பா பாத்தியிலே உப்பு வாருவார், அம்மா பேச்சித்தாய் அந்த உப்பைக் கூடையிலே சுமந்து குவிப்பாள். பிள்ளைகள் இரண்டு பேரும் உப்புக் குவியல் மேலே ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கி, உடம்பெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார்கள்.

அம்மாவைப் பெற்ற ஆச்சியும் தாத்தாவும் இருந்ததோ ஏழு மலைக்கும் அந்தப் பக்கம். போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். வெயில் காலத்திலே உப்பு விடாது, மழைக்காலத்திலே மலை விடாது. அவர்கள் வரலாமே என்பீர்கள். தாத்தாவுக்கு முட்டி மடங்காது, அவரை விட்டுவிட்டு வர ஆச்சிக்கு மனசு வராது. ஆக, உலகம்மை ஆச்சியைப் பார்த்ததே இல்லை, ஆச்சியும் உலகம்மையைப் பார்த்ததே இல்லை.

அதற்காக அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்களாம். தை பிறந்ததும் அம்மா பிள்ளைகளைச் சுவரோரமாக நிறுத்துவாள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடிப்பாள். உலகம்மைக்கு மஞ்சளிலே நனைத்த நூல், சுடலைக்குக் காவியிலே நனைத்த நூல். இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டு, ஏழு மலைக்கு அப்பால் அனுப்பிவிடுவாள். அங்கே தாத்தா அந்த நூலை நுனி தரையைத் தொடுகிற மாதிரி சுவரிலே ஆணி அடித்துத் தொங்கவிடுவார். வருஷா வருஷம் ஆணி மேலே ஏறும். ஆச்சி போகும்போதும் வரும்போதும் நூலோடு பேசுவாள். "ஏட்டி மஞ்சளு, சாப்பிட்டியா? தம்பியை அடிச்சியா?" என்பாள். தாத்தா ஊரறிந்த தையற்காரர். நூலைப் பார்த்து, பேத்திக்குப் பாவாடை, பேரனுக்குச் சட்டை தைத்துத் தருவார். ஆச்சி பலகாரம் சுட்டுத் தருவாள். எல்லாம் இங்கே வந்து சேரும்.

கொண்டுபோகிறவன் யார்? சொரிமுத்து என்று ஒரு சுமைக்காரன். அந்த ஏழு மலையையும் தாண்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஒல்லியாக, மூங்கில் கழி மாதிரி இருப்பான். நல்லவனாகத்தான் இருந்தான். ஒரு வருஷம் பலகாரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, மூன்றாவது மலையிலே பசித்தது. ஒரே ஒரு எள்ளுருண்டையை எடுத்து வாயிலே போட்டான். அவ்வளவுதான் பிள்ளைகளா. அன்றைக்குப் பிடித்தது சனி.

இன்னும் கொஞ்சம் பலகாரம் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தான். அடுத்த தையிலே மஞ்சள் நூலை நான்கு விரல் அளவு பல்லால் கடித்துத் துண்டாக்கி, புதுசாக முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். காவி நூலுக்கும் அதே கதிதான். ஆச்சி பார்த்தாள், பதறிப்போனாள். பிள்ளைகள் வளரவே இல்லையே என்றாள். உப்புக் காற்று ஆச்சி, நெய்யும் வெல்லமும் உள்ளே போனால்தான் பிள்ளைகள் நிமிரும் என்றானாம் சொரிமுத்து. ஆச்சி ஒரு கூடைக்கு இரண்டு கூடையாக அனுப்பினாள். அதற்கு அடுத்த வருஷம் ஒரு சாண் கடித்தான். மூன்று கூடை வந்தது. அதற்கும் அடுத்த வருஷம் ஒரு முழம் கடித்தான். நான்கு கூடையும் ஒரு பானை நெய்யும் வந்தது. அங்கே தாத்தா ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே இறக்கி அடித்தார். இங்கே சொரிமுத்துவின் வயிறு மேலே ஏறி ஏறி வந்தது.

உலகம்மை வீட்டுக்கு என்ன வந்தது? முதல் வருஷம் இரண்டு கை பலகாரம், இரண்டாம் வருஷம் ஒரு கை பலகாரம், மூன்றாம் வருஷம் கூடையின் அடியிலே ஒட்டியிருந்த எள்ளு. பாவாடை மட்டும் ஒழுங்காக வந்தது, துணியைத் தின்ன முடியாதே. ஆனால் முதல் பாவாடை இறுக்கிப் பிடித்தது, இரண்டாவது பாவாடை முழங்காலோடு நின்றது, மூன்றாவது பாவாடை தலை வழியாகவே நுழையவில்லை. அதைப் பூனைக்குப் போட்டுப் பார்த்தான் சுடலை. பூனைக்குச் சரியாக இருந்தது.

ஆச்சிக்கு மறதி வந்துவிட்டது, உங்கள் பேரைச் சொன்னால்கூட யார் என்று கேட்கிறாள் என்றானாம் சொரிமுத்து. அம்மா அடுக்களைக்குள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த தை வந்தது. அந்த வருஷம் வீட்டிலே ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அம்மா அதற்கு வெள்ளை நூல் பிடித்தாள். பிடித்துவிட்டுச் சொன்னாள்:

"இதுதான் கடைசி. மறந்துபோனவங்களுக்கு எதுக்கு நூல்? இந்தப் பிள்ளை பிறந்த சேதி மட்டும் போகட்டும். அடுத்த வருஷம் நான் நூல் பிடிக்க மாட்டேன்."

நூல் போகாவிட்டால் ஆச்சியே இல்லை, தாத்தாவே இல்லை. உலகம்மை அந்த மூன்று பாவாடையையும் எடுத்துப் பாயிலே வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். சின்னது, அதைவிடச் சின்னது, எல்லாவற்றிலும் சின்னது. ஆனால் எல்லாவற்றிலும் சின்னதிலேதான் எத்தனை பூத்தையல். விளிம்பைச் சுற்றி நூற்றுக்கு மேலே பூ. மறந்துபோன வீட்டிலே இத்தனை பூவா தைப்பார்கள்?

இப்படி அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொரிமுத்து வாசலிலே வந்து நின்றான். அவனுக்கு முன்னாலே அவன் வயிறு வந்து நின்றது. வேட்டிக்கு மேலே அரைஞாண் கயிறு தெரிந்தது. உலகம்மை பார்த்தாள். கறுப்புக் கயிறுதான், ஆனால் நடுவிலே ஒரு துண்டு மஞ்சள். அதற்குப் பக்கத்திலே ஒரு துண்டு காவி. மறுபடி மஞ்சள், மறுபடி காவி.

புரிந்ததா பிள்ளைகளா? வயிறு பெருக்கப் பெருக்க அவனுக்கு அரைஞாண் எட்டவில்லை. கடித்த நூலை எறிவானேன் என்று அதிலேயே ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கட்டியிருக்கிறான். உலகம்மையின் மூன்று வருஷ வளர்த்தி அவன் இடுப்பிலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவள் கொல்லைப்புறம் ஓடினாள், அப்பாவின் காதிலே சொன்னாள். அப்பாவுக்கு முகம் சிவந்தது. சிவந்து என்ன செய்ய? இவனோடு சண்டை போட்டால் இருக்கிற ஒரு வழியும் அடைபட்டுப் போகும், ஏழு மலை தாண்ட வேறு யார் இருக்கிறார்கள் என்றார். அதுவும் நியாயந்தான். அப்படியென்றால் ஆச்சிக்குச் சேதி சொல்ல வேண்டும், அதைச் சொரிமுத்துவே சுமந்துகொண்டு போக வேண்டும், சுமப்பது அவனுக்கே தெரியக்கூடாது.

உலகம்மை யோசித்தாள், யோசித்தாள், யோசித்துக்கொண்டே ஒரு கண்டு கறுப்பு நூலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சொரிமுத்து மாமா, எங்களுக்காக எத்தனை மலை ஏறி இறங்குறீங்க. வெறும் உடம்போட போறீங்களே. தாத்தாகிட்டச் சொல்லி ஒரு சட்டை தைச்சுக்கோங்க. நான் அளவு எடுத்துத் தாறேன்."

சொரிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்.

"எனக்கா? சட்டையா? எடு பிள்ளே, எடு."

"மூச்சை உள்ள இழுங்க மாமா. வயிறு எடுப்பா தெரியக்கூடாது."

அவன் இழுத்தான் பாருங்கள், கண் இரண்டும் பிதுங்கிவிட்டது. அப்படி இழுத்தும் கறுப்பு நூல் சுற்றி வருவதற்குக் கண்டிலே பாதி தீர்ந்துபோனது. மஞ்சள், காவி, வெள்ளை மூன்றையும் இடது கையிலே வாங்கிக்கொண்டான், கறுப்பைப் பத்திரமாகத் தலைப்பாகையிலே முடிந்துகொண்டான், போய்விட்டான்.

உலகம்மை தினமும் உப்புக் குவியல் மேலே ஏறி நின்று மலையைப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை ஆச்சி பிற்பாடுதான் சொன்னாள். உங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சொரிமுத்து வழக்கம்போல வழியிலே உட்கார்ந்து நூலைக் கடித்தான். மஞ்சளைக் கடித்தான், காவியைக் கடித்தான், பழக்கதோஷத்திலே வெள்ளையையும் கடித்தான். கறுப்பை மட்டும் கடிக்கவில்லை. சட்டை சின்னதாகிப் போகுமே.

ஆச்சி நூலை ஒவ்வொன்றாக வாங்கினாள். வெள்ளை நூல் ஒரு சாண்தான் இருந்தது. "ஒரு சாண் பிள்ளையா?" என்று கேட்டாள். சொரிமுத்து எச்சிலை விழுங்கிவிட்டு, ஆமாம் ஆச்சி, இன்னும் ஒரு கூடை அதிகமாகப் போட வேண்டியிருக்கும் என்றான். பிறகு கறுப்பு நூலை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டி, இது என் அளவு, உங்கள் பேத்தி எடுத்துத் தந்தாள், ஒரு சட்டை வேண்டும் என்றான்.

தாத்தா கறுப்பு நூலை விரித்தார், விரித்தார், விரித்துக்கொண்டே இருந்தார். சுவரிலே தொங்குகிற மஞ்சளைப் பார்த்தார். காவியைப் பார்த்தார். அறுபது வருஷம் அளவு எடுத்த கை அது. ஆச்சியை மெல்லக் கொல்லைக்குக் கூப்பிட்டுப் போனார்.

"நாம அனுப்பின நெய்யெல்லாம் எந்த நூலுல போய்ச் சேர்ந்திருக்குன்னு பார்த்தியா?"

ஆச்சி நேரே உள்ளே போனாள், தாத்தாவின் ஊன்றுகோலை எடுத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள்.

மறுநாள் சட்டை ரெடி. கெட்டிக் காடாத்துணி, இரட்டைத் தையல், எருமை இழுத்தாலும் கிழியாது. கறுப்பு நூலின் அளவுக்கு ஒரு நெல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முன்பக்கம் பித்தான் கிடையாது. முதுகுப்பக்கம் மூன்று கயிறு. தாத்தா மூச்சை இழுத்துக்கொள்ளச் சொல்லி, மூன்று முடிச்சுப் போட்டார். தைத்தவன் கட்டிவிட வேண்டும், அளவு எடுத்தவள் அவிழ்க்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு மரியாதை என்றார். சொரிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து கூடையைக் காவடியிலே கட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் முதல் மலை ஏறியதும், பின்னாலே தாத்தாவும் ஆச்சியும் கிளம்பினார்கள்.

முதல் மலையிலே சொரிமுத்து எள்ளுருண்டை தின்றான். சட்டை பிடித்தது. இரண்டாவது மலையிலே அதிரசம் தின்றான். சட்டை இறுக்கியது. மூன்றாவது மலையிலே நெய் முறுக்கு தின்றான். சட்டை நெரித்தது. கையைப் பின்னாலே விட்டான், எட்டவில்லை. நூலைக் கடிக்கிற பல்லாலே கடிக்கலாமென்றால் முதுகுக்குப் பல் எட்டுமா? பாறையிலே தேய்த்தான், காடாத்துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து அடி நடப்பான், உட்காருவான். பத்து அடி நடப்பான், உட்காருவான். அதனாலேதான் முட்டி மடங்காத தாத்தாவாலும் அவனைத் தொடர்ந்து நடக்க முடிந்தது. பலகாரத்தைத் தின்றுவிட்டு அவன் எறிந்த வாழை இலைச் சருகுகளைப் பொறுக்கிக்கொண்டே நடந்தாளாம் ஆச்சி.

உப்புக் குவியல் மேலே நின்ற உலகம்மை ஒரு நாள் சாயங்காலம் கத்திக்கொண்டே இறங்கி ஓடி வந்தாள். ஊரே கூடிவிட்டது. சொரிமுத்து தவழாத குறையாக வந்து வாசலிலே விழுந்தான். முகம் பூசணிக்காய், மூச்சு துருத்தி.

"அவிழ்த்து விடு தாயி."

"அவிழ்க்கிறேன் மாமா. மூணு முடிச்சு இருக்கு. ஒரு முடிச்சுக்கு ஒரு உண்மை. எங்க நூலைக் கடிச்சது யாரு?"

"எலி."

"சரி, அப்போ எலியே வந்து அவிழ்க்கட்டும்."

"நான்தான், நான்தான் கடிச்சேன்."

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. சொரிமுத்துவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"ஆச்சி தந்த பலகாரமெல்லாம் எங்க?"

"இங்கதான்" என்று வயிற்றைக் காட்டினான். ஊரே சிரித்தது. இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்தது.

மூன்றாவது முடிச்சிலே கையை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இதைக் கேட்பதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்.

"ஆச்சி எங்களை மறந்துட்டாங்களா?"

சொரிமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"இல்லை தாயி. ஒவ்வொரு வருஷமும் அந்த நூலை வாங்கிக் கன்னத்துல வச்சுக்கிட்டு அழும். அழுதுக்கிட்டே மாவு இடிக்கும். நான் அதைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருப்பேன்."

மூன்றாவது முடிச்சும் அவிழ்ந்தது. அவன் விட்ட மூச்சிலே அடுப்புச் சாம்பல் பறந்தது. சாம்பல் அடங்கியதும் பார்த்தால், வாசலிலே ஒரு கிழவரும் கிழவியும். கிழவி கையிலே ஒரு கட்டு வாழை இலைச் சருகு. அம்மா கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டு ஓடியது.

ஆச்சி, ஆணியிலே தொங்கிய நூலின் உயரத்துக்குப் பேத்தி இருப்பாள் என்று நினைத்து, குனிந்து, இரண்டு கையையும் தரைக்குப் பக்கத்திலே விரித்துக்கொண்டு வந்தாளாம். உலகம்மை ஓடிப்போய் முன்னாலே நின்றாள். ஆச்சி அவள் காலைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், நிமிர்ந்து நிமிர்ந்து, கடைசியிலே முகத்தைப் பார்த்தாள். மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து அவள் பக்கத்திலே பிடித்தாள். இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"ஏட்டி மஞ்சளு" என்றாள் ஆச்சி. நூலைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

சொரிமுத்து என்ன ஆனான்? தாத்தா அவன் அரைஞாணை அவிழ்த்து, மஞ்சளையும் காவியையும் வெள்ளையையும் பிரித்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பிறகு அன்றிலிருந்து, தை பிறந்தால், காவடியின் ஒரு கூடையிலே தாத்தா, மறு கூடையிலே ஆச்சி. ஏழு மலை ஏற்றிக் கொண்டுவர வேண்டும், ஏழு மலை ஏற்றிக் கொண்டுபோய் விட வேண்டும். வழியிலே உட்காரலாமா ஆச்சி என்று அவன் கேட்டால், கறுப்பு நூலை எடுத்துக் காட்டுவாளாம் ஆச்சி. மூன்றே வருஷத்திலே சொரிமுத்து மறுபடி மூங்கில் கழி ஆகிவிட்டான். சட்டை தொளதொளவென்று ஆடியது.

பிள்ளையின் அளவைக் குறைத்தவனை அவன் அளவே பிடித்தது. நூல் தீர்ந்தது, முடிச்சு அவிழ்ந்தது. சரி, கதை கேட்டவர்களெல்லாம் எழுந்து சுவரோரமாக நில்லுங்கள், இந்த வருஷம் யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று பார்ப்போம்.