கதிர் தலை குனிந்தது

அந்தக் காலத்தில், காற்றும் கதிரும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், கடலோரப் பாறை ஒன்றின் உச்சியில் ஒரு கதிர் குடியிருந்தது. வெயில் கதிர் போன்றதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. கடலுக்கு மேலே ஓடி, மழை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்து வந்து சொல்வது அதன் வேலை. அது சொன்ன பிறகுதான் ஊரார் கட்டுமரத்தைத் தள்ளுவார்கள்.

கதிருக்கு ஒரு வீம்பு உண்டு. யாருக்காகவும் வளையாது, நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போகும். ஊரும் அதைச் சொல்லிச் சொல்லியே ஏற்றிவிட்டிருந்தது.

முத்திருளாயி அதைக் கொழுந்தன் முறை வைத்துக் கூப்பிடுவாள். ஒருநாள் வந்து கேட்டாள்: "அவிய கடலுக்குப் போவலாமா, கொழுந்தனாரே?"

"மழையே இல்ல மயினி. தாராளமாப் போவச் சொல்லுங்க."

போன கணவன் திரும்பவில்லை. உடைந்த மரம் மட்டும் கரை ஒதுங்கியது. அழுது ஓய்ந்த பிறகு முத்திருளாயி பாறை ஏறினாள். அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு இனி மகன் போயாக வேண்டும்.

"கடேசி வரைக்கும் போனியளா?"

"போனேன் மயினி. வானம் வெறிச்சோடிக் கெடந்துச்சி."

"கீழ பாத்தியளா?"

கதிர் கீழே பார்த்ததே இல்லை. பூமி உருண்டை என்பதால், கடல் தொலைவில் சரிந்து இறங்குகிறது. புயல் அந்தச் சரிவில் பதுங்கிக் கிடந்திருக்கிறது. நேராகப் போன கதிர் அதன் தலைக்கு மேலேயே கடந்து போயிருக்கிறது.

"நாளைக்கு எம்மவன் போறான்" என்றாள்.

கதிருக்கு வீம்பு விட்டுப்போனது. கடலை ஒட்டிக் கிடந்த கீழ்க்காற்றைக் கூப்பிட்டு, "என்னைப் பிடிச்சுக் கீழ இழு" என்றது.

"யோசிச்சுக்கோ" என்றது கீழ்க்காற்று. "மேல வெக்கை நிக்க, நான் குளுந்து கனத்துக் கெடக்குற நாளுல எனக்கு அளவு தெரியாது. உன்னைத் தரையிலயே மோத வச்சிருவேன். குன்றைத் தொட்டுட்டு மழைன்னு சொல்லுவ. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றது கதிர். அதுவரை வளையாத தலையை வளைத்துக் கொடுத்தது.

மறுநாள் காலை அது தாழப் போய், தாழ்ந்து கிடந்த இன்னொரு புயலைத் தொட்டு வந்து சொன்னது. முத்திருளாயியின் மகன் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றான். சில நாள் கழித்து, துளி மேகம் இல்லாத குளிர்ந்த விடியலில் கதிர் தரையில் மோதி, "மழை, மழை" என்று கத்தியது. ஊர் கைகொட்டிச் சிரித்தது. முத்திருளாயி சிரிக்கவில்லை. பாறையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அன்று முதல்தான், ரேடார் கோபுரத்திலிருந்து மழை தேடிப் புறப்படும் கதிர் தரைப் பக்கமாகச் சற்றே வளைந்து போகிறது; கீழ்க்காற்று குளிர்ந்து கனத்த விடியலில் மண்ணைத் தொட்டுவிட்டு, சிரிப்பார்கள் என்று தெரிந்தும், மழை என்று சொல்கிறது.