கற்பூரம் அணைத்துக் கொடுத்த வாக்கு

கதை முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் இப்போதே அங்கே எட்டிப் பார்க்கலாம், நான் தடுக்கப் போவதில்லை. பொறுமை உள்ளவர்கள் முழுதாகக் கேளுங்கள். விடைக்கு வேண்டியதையெல்லாம் வழியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

கடலோர டெல்டாவில் நெல்லிவாசல் என்றொரு ஊர். அதன் வயல்களுக்கு நடுவே ஓர் எண்ணெய்க் கிணறு. எண்ணெயோடு வாயுவும் சேர்ந்தே மேலே வரும். எண்ணெயை லாரியில் ஏற்றிவிடுவார்கள். வாயுவை உயரமான ஒரு குழாயின் உச்சியில் கொளுத்திவிடுவார்கள். அதை அமுக்கி, சாலையோரம் ஏற்கெனவே ஓடும் பெரிய குழாயில் சேர்க்க ஒரு கம்ப்ரசர் இருந்தால் போதும். நிலையத்தின் பொறுப்பாளர் திருநாவுக்கரசு ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகமும் சளைக்காமல் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றது. எண்ணெய் வரும்வரை, வாயு எரிந்து போவதில் அங்கே யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

கெட்டது மங்கையர்க்கரசிக்குத்தான். குழாயை ஒட்டியது அவள் வயல். தீயின் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியெல்லாம் அவள் பயிரில்தான் இறங்கும். அறுத்தால் பாதிக்கு மேல் பதர். அவள் கணவன் வீரமணியோ அதே கிணற்றின் எண்ணெய் லாரியை ஓட்டுகிறவன். அதனால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

சென்ற வருஷம் தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று வானத்தின் மீது அக்கறை பிறந்தது. எல்லா நிலையங்களும் புகையைக் குறைக்க வேண்டும், அதிகம் குறைத்தவருக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தார்கள். ஊரும் தீ வேண்டாம் என்கிறது, நிறுவனமும் வேண்டாம் என்கிறது. திருநாவுக்கரசுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் இருந்தது. அய்யனார் கோயிலில் ஊர் முன்னால் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இனிமே அந்தக் குழாய்ல தீ எரியாது. இது சத்தியம்."

அன்று மாலையே தீ அணைந்தது. வாயு நிற்கவில்லை. அதே குழாய் வழியாக எரியாமல், கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எரிந்து வரும் புகையைவிட எரியாத அந்த வாயு பூமியைப் பல மடங்கு சூடாக்கும். திருநாவுக்கரசுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும், படித்த மனிதர். தலைமை அலுவலகம் தீயைத்தான் கணக்கில் எடுக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார்.

தை பிறந்தது. மங்கையர்க்கரசி ஒரு பையில் புது அரிசியோடு நிலையத்துக்கு வந்தாள்.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா பதர் இல்லாம வீடு வந்த நெல்லு சார் இது. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்."

அந்தப் பையை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மேசைக்கு அடியில் வைத்தார், காலில் இடறியது. அலமாரி மேல் வைத்தார், நிமிரும்போதெல்லாம் கண்ணில் பட்டது. பாராட்டு விழாவுக்கு அழைப்பு வந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வட்டார அலுவலகத்தில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்த ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் ரெஜினா. வந்து பாருங்க."

ரெஜினா, வாயுவைக் காட்டும் கேமராவோடு வந்தாள். கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மங்கையர்க்கரசியும் எட்டிப் பார்த்தாள். திரையில், குழாயின் உச்சியிலிருந்து கன்னங்கரேலென்று கொட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று ரெஜினா விளக்கியதும் மங்கையர்க்கரசி திருநாவுக்கரசின் பக்கம் திரும்பினாள்.

"இது தெரிஞ்சுதான் கற்பூரம் அணைச்சீங்களா சார்?"

அவர் தலை குனிந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு சொன்னார், "தீயை ஏத்திடறேன். வாக்குத் தப்பின பழி என்னோட போகட்டும். வானத்துக்குக் கெடுதலாவது கொஞ்சம் குறையும்."

மங்கையர்க்கரசி குறுக்கிட்டாள். "ஏத்துங்க சார். வாக்கை நானே திருப்பிக் குடுத்துட்டேன்னு அய்யனார்கிட்ட சொல்லிக்கிறேன். பூச்சி தின்னது போக மிச்சம் எனக்குப் போதும். கிணத்தை மட்டும் மூடிடாதீங்க, அவரு லாரி நின்னுடும்."

ரெஜினா ஒப்புக்கொள்ளவில்லை. "கிணத்தைத்தான் மூடணும் சார். கம்ப்ரசர் வர்ற வரைக்கும் எண்ணெயும் வேண்டாம், வாயுவும் வேண்டாம். அந்த வால்வை மூட நீங்க யாரையும் கேக்க வேண்டியதில்லை, பொறுப்பாளருக்கு அந்த அதிகாரம் இருக்கு. நிக்கிற லாரிக்கெல்லாம் ஒப்பந்தப்படி கம்பெனிதான் ஹால்டிங் காசு, அதான் சும்மா நிக்கிற நாளுக்கான காசு, குடுக்கணும்."

"எண்ணெய் நின்னா மேல இருக்கிறவங்க என்னைக் கிழிச்சிடுவாங்களே!"

"கிழிக்கட்டும் சார்."

வாக்கை உடைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்தவர் ஒருவர். தன் பயிரைக் கொடுத்து அவரை விடுவிக்க வந்தவள் ஒருத்தி. கிணற்றையே மூடச் சொன்னவள் இன்னொருத்தி. இப்போது நீங்கள் சொல்லுங்கள், இந்த மூவரில் யார் சொன்னது சரி?

ரெஜினா சொன்னதுதான் சரி. தீயை ஏற்றியிருந்தால் தலைமை அலுவலகம் பழையபடி நிம்மதியாகத் தூங்கும், கம்ப்ரசர் அடுத்த வருஷத்துக்குப் போகும். மங்கையர்க்கரசிக்குப் பெரிய மனசுதான். ஆனால் தப்பே செய்யாதவள் தண்டம் கட்டுவது எந்த ஊர் நியாயம்? திருநாவுக்கரசு வால்வை மூடினார். எண்ணெய் நின்றது, லாரிகள் வரிசையாக நின்றன, நிறுவனத்துக்கு ஹால்டிங் காசு ஏறிக்கொண்டே போனது. அதில் வீரமணி கைக்கு வந்தது ஓட்டக் கூலிக்கு ஈடாகாததால் மங்கையர்க்கரசி கையை இறுக்கிப் பிடித்துத்தான் குடும்பம் நடத்தினாள். ஆனால் ஆறு வருஷம் வராத கம்ப்ரசர் குறுவை நடவுக்குள் வந்து இறங்கிவிட்டது. வாக்கும் பிழைத்தது, பயிரும் பிழைத்தது. பாராட்டு விழாவுக்குத் திருநாவுக்கரசு போகவில்லை. அந்த அரிசியையும் அவர் கடைசிவரை சமைக்கவில்லை. ஆறு வருஷமும் அந்த வால்வு அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.