சேராபீன் என்ற பெயர்

வேதாகமத்தில் வரும் வனாந்தரத்துப் பாம்புக் கதையைப் போதகர் தேவபிச்சை பல வருடங்களாக நம்பவில்லை. பாம்பு கடித்துச் சாகக் கிடந்த ஜனங்கள், மோசே கம்பத்தில் தூக்கிவைத்த வெண்கலப் பாம்பைப் பார்த்துப் பிழைத்தார்களாம். கடித்ததையே எவன் ஏறெடுத்துப் பார்ப்பான்? அந்தக் கதையை அவர் பிரசங்கித்ததே இல்லை.

அவருடைய மகள் எட்டு வயதில், வீட்டுக் கொல்லையில், பாம்பு கடித்து இறந்துபோனாள். பெயர் சேராபீன். கர்த்தருடைய சிங்காசனத்தருகே ஆறு சிறகுகளோடு நிற்கும் தூதர்களின் பெயர். அவர்தான் ஆசையாக வைத்தார். அந்தப் பெயரை அதன் சொந்த எழுத்தில் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்றுதான் ஐம்பது தாண்டியபின் வேதாகமத்தின் மூலமொழியான எபிரேயம் படிக்க வந்தார்.

இறையியல் கல்லூரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த கெத்சியாள், வயதில் அவரைவிட ரொம்பவும் இளையவள்.

"வலது பக்கத்திலிருந்து வாசிங்க ஐயா. வண்டி ஒன்வேயில எதிர்த்து வருது."

"இந்த வயசுல ரிவர்ஸ் கியர் விழ மாட்டேங்குதும்மா."

அன்றைய பாடம் அந்தப் பாம்புக் கதை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிக்கொண்டே போனார். பாம்புகள் வரும் இடம் வந்தது.

"செ... ரா... பீம்."

விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இது தூதர்கள் பேராச்சே! அச்சுப்பிழையாம்மா?"

"இல்லை ஐயா. எரிக்கிறதுன்னு அர்த்தம். சிங்காசனத்துக்கிட்ட நிக்கிறதுக்கும் இதே சொல்தான், கடிச்சதுக்கும் இதே சொல்தான். தமிழ்லதான் ஒண்ணைச் சேராபீன்னும் இன்னொண்ணைக் கொள்ளிவாய்ச் சர்ப்பம்னும் பிரிச்சுட்டாங்க."

சொல்லிக்கொண்டே அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினாள்.

தேவபிச்சை எழுந்துபோய் உள்ளங்கையால் அதை அழித்தார்.

கெத்சியாள் மறுபடி எழுதினாள்.

"கம்பத்துல கர்த்தர் எதைத் தூக்கி வைக்கச் சொன்னார் தெரியுமா? அதுவும் இதே சொல். வாசிங்க ஐயா."

"முடியாதும்மா."

"ஏன்?"

"என் மகளுக்கு நான் வச்ச பேரு இது. அவளைக் கொன்னதுக்கும் இதுதான் பேருன்னு இப்பச் சொல்றே."

அவள் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கடிபட்டவன் எவனும் அதைப் பார்த்துப் பிழைக்கலாம்னு போட்டிருக்கு ஐயா."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளையே பார்த்துக்கொண்டு நின்றார் தேவபிச்சை.

"பாம்பு பிள்ளையைத்தானேம்மா கடிச்சது?" என்றார். "கடிபட்டவன்னா, அதுல தகப்பனும் வருவானா?"