சந்தேகம் போதும் என்றொரு சட்டம்

ஞானசிகாமணியின் மகன் ஜெபின் தன் அறையில் ஒரு மாத்திரையை விழுங்கிச் செத்துப்போனான். தலைவலிக்கென்று யாரிடமோ வாங்கியது. அதில் இருந்தது விஷம். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவரே ஞானசிகாமணிதான்.

விற்றவன் இன்னான் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். போலீசாரும் அவன் வீட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆனால் வீட்டைச் சோதிக்க நீதிபதி வாரண்ட் தர மறுத்துவிட்டார். ஊர்ப்பேச்சை நம்பி ஒருவன் வீட்டுக்குள் ஆளை அனுப்ப முடியாது, வலுவான காரணம் கொண்டு வாருங்கள் என்றார்.

அடுத்த தேர்தலில் ஞானசிகாமணி நகரசபைக்கு நின்று ஜெயித்தார். ஒரே ஒரு சட்டம் கொண்டுவரத்தான் நின்றார்.

சட்டம் தெரியாமல் சபையில் உட்காரக்கூடாது என்று சௌந்தரவல்லியிடம் போய்ப் படித்தார். அவர் அங்குள்ள கல்லூரியில் அரசியல் சாசனம் நடத்துகிறவர். பாளையங்கோட்டைக்காரர். ஞானசிகாமணியைவிட மிகவும் இளையவர். இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், தாம் எழுதிய சட்டத்தை டீச்சரிடம் நீட்டினார். போலீசுக்குச் சந்தேகம் வந்தால் போதும், வாரண்ட் இல்லாமலே எந்த வீட்டிலும் சோதனை போடலாம். அவ்வளவுதான் சட்டம்.

டீச்சர் வாசித்தார். அரசியல் சாசனம் இதற்கு இடம் தராது அண்ணாச்சி, வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதிக்கக்கூடாது என்பது அதில் எழுதிய உரிமை என்றார்.

ஞானசிகாமணி பதிலைத் தயாராக வைத்திருந்தார். சாசனத்தில் அந்த உரிமைகளை எழுதியபோது அவை வாஷிங்டனில் உள்ள மத்திய அரசைத்தானே கட்டுப்படுத்தின, மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லையே. நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள் என்றார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த திருத்தத்தால்தான் அவை மாநிலத்துக்கும் ஊருக்கும் பொருந்தின என்பதையும் ஞானசிகாமணியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவரவர் ஊரை அவரவர் காப்பாற்றிக்கொள்ளத்தான் கூட்டாட்சி. கோர்ட்டு தடுத்தால் தடுக்கட்டும், அதுவரை அந்தப் பயல் வீட்டுக் கதவு திறக்கட்டும் என்றார்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிச்சேன் டீச்சர். குத்தம் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

டீச்சர் எழுந்தார். உங்கள் வீட்டுக்குப் போவோம் என்றார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்து ஞானசிகாமணி காரை எடுத்தார்.

வீட்டில் அவர் மனைவி எமிலி தேநீர் போட எழுந்தாள். டீச்சர் உட்காரவில்லை. நேரே மாடிக்கு ஏறி, மூடிக் கிடந்த ஜெபினின் அறையைத் திறந்தார். அவன் போனதிலிருந்து அந்த அறையில் யாரும் எதையும் தொட்டதில்லை.

பின்னாலேயே ஏறிவந்த ஞானசிகாமணி வாசலில் நின்றார்.

டீச்சர் மேசை இழுப்பறையை உருவிக் கட்டிலில் கவிழ்த்தார். பேனாக்கள் உருண்டன. அழுக்குத்துணிப் பையை எடுத்தார். அதில் ஜெபின் கடைசியாகப் போட்டு விளையாடிய சட்டை இருந்தது. வாடை போய்விடும் என்று எமிலி அதைத் துவைக்கவே இல்லை. டீச்சர் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்.

சத்தம் கேட்டு மாடிக்கு வந்த எமிலி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானசிகாமணி பாய்ந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எந்த உரிமைல இங்க கை வைக்கீங்க?"

"சந்தேகம் அண்ணாச்சி. அந்த மாத்திரை கிடந்தது இந்த அறைலதான. நீங்க மருந்துக்கடைக்காரர் வேற. உங்க சட்டம் வந்தா போலீஸ் முதல்ல ஏறுற வீடு இதுதான்."

அத்தனை நாள் எழுதி அடித்து எழுதியும் இது ஞானசிகாமணியின் மனதில் படவே இல்லை.

"இது செத்துப்போன பிள்ளையோட அறை."

"சட்டத்துல அப்படி ஒண்ணும் எழுதலயே."

எமிலி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

"அப்போ அந்தப் பயலுக்கும் இதே பாதுகாப்புத்தானா?"

"அவனுக்கும் இதேதான். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிங்க, நானும் கூட வாரேன். நீதிபதி கையெழுத்துப் போட்ட பிறகு அவன் கதவைத் தட்டலாம்."



"சாசனத்துல இதை எழுதி வச்சவங்க, பிள்ளையப் பறிகொடுத்தவங்களா டீச்சர்?"

டீச்சர் அவருடைய பிடியிலிருந்த தம் கையைப் பார்த்தார். அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்தக் காலத்துல இங்கிலாந்து ராசாவோட ஆளுங்க வீட்டுக்குள்ள புகுந்து எல்லாத்தையும் கவுத்துப் போட்டப்ப, அவங்களும் இப்படித்தான் கையப் பிடிச்சிருப்பாங்க. இந்தப் பிடியத்தான் எழுதி வச்சிருக்காங்க."