கல்லாய்ப் போன கொலுமண்டபம்

வெகு காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகள் பகலிலேயே தெருவில் நடமாடிய நாளில், மகரபுரி என்றொரு தேசம் இருந்தது. சடாமகுடன் என்ற மந்திரவாதி அந்தத் தேசத்து ராஜாவின் சபையில் ஆசனம் கேட்டான். ராஜா தரவில்லை. அவ்வளவுதான், கொலுமண்டபத்தில் இருந்த அத்தனை பேரையும் தூண்களாக்கிவிட்டு, சிங்காசனத்தில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான். தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் போட்டான்.

"மூன்று புதிர். மூன்றுக்கும் விடை ஏதோ ஓர் இடத்தின் பேர். கட்டத்துக்கு ஓர் எழுத்து. எழுது, இல்லையேல் தூணாகு" என்றான்.

புலவர்கள் வந்தார்கள், தூணானார்கள். இளவரசர்கள் வந்தார்கள், தூணானார்கள். கடைசியாக வேலாத்தாள் வந்தாள். அவள் புருஷன் சிங்கன், அரண்மனையில் தீவட்டி பிடித்தவன், அங்கே தூணாய் நின்றான். அவளுக்குத் துணிச்சல் ஒன்றும் இல்லை. ஆளில்லாத வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை, அதனால் வந்தாள்.

"சுவர் இல்லை, கால்கள் உண்டு. வழிப்போக்கனுக்கும் நிழல், சாமிக்கும் நிழல்" என்று முதல் புதிரைப் போட்டான் சடாமகுடன்.

கரித்துண்டால் 'மண்டபம்' என்று குறுக்கே எழுதினாள்.

"என்மேல் ராஜா செத்து விழுவான். திரை விழுந்ததும் எழுந்து சோறு தின்னப் போவான்."

'அரங்கம்' என்று மேலிருந்து கீழாக எழுதினாள். அதன் கடைசி எழுத்து, மண்டபத்தின் கடைசி எழுத்திலேயே வந்து முடிந்தது.

"தாலி கட்டியதும் என்னுள்ளே. தொட்டில் கட்டியதும் என்னுள்ளே. கடைசியாகப் படுக்கவைத்ததும் என்னுள்ளே."

மூன்றே கட்டம். நடுவில் மண்டபத்தின் 'ட'. கரித்துண்டைக் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி நின்றாள். "எழுது, இல்லையேல் தூணாகு" என்றான் மந்திரவாதி. கால்விரல்கள் கல்லாயின, பாதம் கல்லாயிற்று, முழங்காலும் கல்லாயிற்று. இனி முடியாதென்று பக்கத்தில் நின்ற சிங்கனின் தூணில் தலை சாய்த்தாள்.

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். முடியலை. நம்ம புள்ளையக் கிடத்தின கூடம் இருக்கற வீட்டுல இனி நான் தனியா எப்படிப் படுப்பேன்? கல்லாவே இருந்துடறேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. கால் மடங்கவில்லை. குப்புற விழுந்து, கை எட்டிய மட்டும் நீட்டி எழுதினாள்: கூடம்.

தூண்கள் மூச்சு விட்டன. சடாமகுடன் சுண்ணாம்பாய் உதிர்ந்தான். ராஜா பாதி ராஜ்யம் தருவதாகச் சொன்னார். அவள் இரண்டு காணி நிலமும், புருஷனுக்கு அன்றைக்கு விடுப்பும் போதும் என்றாள்.

வீடு வந்ததும் சிங்கன் வாசலிலேயே நின்றான். பிள்ளை போனதிலிருந்து அவன் கூடத்தில் கால் வைத்ததில்லை. வேலாத்தாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அங்கேயே உட்கார்ந்து இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து அழுதார்கள். பிறகு அவள் எழுந்துபோய் உலை வைத்தாள்.