பக்கத்துத் தெருச் சத்தம்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு தில்ஷாத்துக்கு நாற்பது ஆகவில்லை. சீடர் குணசீலனுக்கு மீசைவரை நரைத்துவிட்டது. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். வருகிறவர்கள் யார் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைப்பார்கள்.

தில்ஷாத் நடத்தியது ஓர் இணையப் பத்திரிகை. சினிமாவுக்கு வெளியே, தாங்களே பாட்டுக் கட்டி, தாங்களே பதிவு செய்து, தாங்களே வெளியிடுகிறவர்களின் ஆல்பங்களுக்கு அதில் விமர்சனம் வரும். திருச்சி பாலக்கரையில் ஒரு பேக்கரிக்கு மேலே அலுவலகம். மாலையில் பன் வாசனை மாடிக்கு ஏறிவரும்.

குணசீலன் வெகுகாலம் சினிமாப் பத்திரிகையில் ஐந்துக்கு இரண்டரை, ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டவர். ஒருநாள் தன் பழைய விமர்சனங்களை எடுத்துப் படித்தார். தலைப்பை மறைத்துக்கொண்டால் எது எந்தப் படத்துக்கு எழுதியது என்று அவருக்கே தெரியவில்லை. பயந்துபோய் தில்ஷாத்தைத் தேடி வந்தார்.

"கேக்கக் கத்துக்கணும் மேடம்."

"உக்காருங்க சார்."

தீட்சை அவ்வளவுதான்.

தில்ஷாத்திடம் இரண்டு விதிகள் உண்டு. ஆல்பத்தின் பெயரையும் பாட்டுகளையும் தவிர வேறெதையும் யாரும் அனுப்பக் கூடாது. யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஊர், என்ன கஷ்டப்பட்டார்கள் என்பதெல்லாம் விமர்சனம் வந்த பிறகுதான். இன்னொன்று, விமர்சனம் வெளியாகும்வரை தில்ஷாத் அந்த ஆல்பத்தைக் கேட்க மாட்டார். எழுத்து தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நல்ல விதிகள்தான். நல்ல விதிகளாலும் கெடுதல் வரும் என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

'வெயில் படாத சுவர்' என்று ஓர் ஆல்பம் வந்தது. குணசீலன் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினார். தில்ஷாத் படித்தார். ஒரு சொல்லைக்கூடத் தொடாமல் வெளியிட்டார்.

விமர்சனத்தில் எல்லோரும் எடுத்துப் பகிர்ந்த பகுதி இது:

'வெறும் குரல். தாளம்கூட இல்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவள் நிறுத்துகிறாள். யாருக்கோ காத்திருக்கிறாள். யாரும் வருவதில்லை. பக்கத்துத் தெருவில் ஏதோ கோயில் திருவிழா. அந்தச் சத்தத்தைக்கூட வடிகட்டாமல் விட்டிருக்கும் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.'

இதைப் படித்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டவர்கள் சிலருக்குக் குழப்பம்தான். ஆனால் எழுத்து அவ்வளவு நன்றாக இருந்ததால், தங்கள் காதில்தான் ஏதோ கோளாறு என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மறுவாரம் ஒருவன் மாடியேறி வந்தான். முப்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை. கதவருகிலேயே நின்றான்.

"குணசீலன் சார்?"

"நான்தான். வாங்க."

"என் பேரு ஜெபராஜ் சார். வெயில் படாத சுவர்ல நான் வாசிச்சிருக்கேன்."

குணசீலன் சிரித்தார். "அதுல யாருமே வாசிக்கலையேப்பா. வெறும் பாட்டுதானே?"

ஜெபராஜ் பையைத் திறந்து உடுக்கையை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்ததில் அது லேசாக முனகியது.

"அது கோயில் திருவிழா இல்ல சார். நான்."

கீழே பேக்கரியில் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

அவன் கோபமாக வந்திருந்தால் குணசீலனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சினிமாக்காரர்கள் நிறையப் பேர் கோபமாக வந்து அவருக்குப் பழக்கம். இவன் குழம்பிப்போய் வந்திருந்தான். பாடியது பூங்கோதை என்றான். இருவரும் கல்லூரியிலிருந்து சேர்ந்தே வாசித்துப் பாடி வருகிறார்கள். புதுக்கோட்டையில் கல்யாணம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து ஒரு சின்ன மண்டபத்தை எடுத்து, ஆளுக்கொரு மைக் வைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். கேட்பவரின் வலது காதில் அவள், இடது காதில் அவன். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

"ஞாயித்துக்கிழமை சென்னையில ஒரு இசை விழா சார். அவங்க ஆல்பத்தைக் கேட்டாங்களான்னு தெரியலை. நீங்க எழுதினதைப் படிச்சிருக்காங்க. கோதையை மட்டும் கூப்பிட்டிருக்காங்க. வெறும் குரல் போதுமாம்."

"பூங்கோதை என்ன சொல்றாங்க?"

"அவளுக்குத் தெரியலை சார். நேத்து பூரா ஒண்ணும் பேசலை. இப்படி அவ இருந்ததே இல்ல." உடுக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நான் சண்டைக்கு வரலை. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும். நான் வாசிச்சது அவ பாட்டைக் கெடுத்துடுச்சா?"

குணசீலன் உடுக்கையையே பார்த்தார்.

தில்ஷாத் எழுந்தார். குணசீலனின் போனில் சுற்றிக் கிடந்த இயர்போனைப் பிரித்துத் தன் காதில் வைத்தார். ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"இடது பக்கம் செத்துக் கிடக்கு சார்."

"எப்போலேர்ந்து?"

"உங்க காதுதானே. உங்களுக்குத்தான் தெரியணும்."

குணசீலனுக்குப் போன மாதம் ஒருவருடைய ஆல்பத்தில் பியானோ ரொம்பக் கூச்சப்படுகிறது என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அது கூச்சப்பட்டதா, இடது காதில் நின்றதா? அதற்கு முன்னால் எழுதியவற்றை நினைக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தம்பி, கீழ டீ சாப்பிட்டுட்டு இருங்க. இதோ வரேன்" என்றார்.

ஜெபராஜ் உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பேக்கரி வாசலில் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

தில்ஷாத் தன்னுடைய இயர்போனைக் கொடுத்தார். குணசீலன் இரண்டு காதிலும் வைத்து ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. முடித்துவிட்டு இயர்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார்.

"மேடம், பெரிய சிக்கல்."

"சொல்லுங்க."

"ரெண்டு காதுலயும் கேட்டா எனக்கு அவ்வளவு பிடிக்கலை. அந்தப் பிள்ளை நிறுத்துற இடத்துலல்லாம் உடுக்கை வந்து வந்து கலைக்குது. ஒத்தைக் காதுல கேட்டதுதான் நல்லா இருக்கு."

"சரி."

"சரின்னா?"

"பிடிக்கலைன்னா பிடிக்கலை."

"அப்படியே எழுதினா அந்தப் பையன் கதை முடிஞ்சுது. பிடிச்சிருக்குன்னு எழுதினா பொய். பேசாம விமர்சனத்தைத் தூக்கிடலாமா?"

"படிச்சவங்க தலையிலேர்ந்து எப்படித் தூக்குவீங்க?"

குணசீலன் எழுந்து நடந்தார். இரண்டு பேர் நடந்தால் இடித்துக்கொள்ளும் அறை அது.

"உங்க விதியாலதான் இவ்வளவும். வாசிச்சவங்க பேரை அனுப்ப விட்டிருந்தா நான் ஏன் இப்படி மாட்டிக்கப் போறேன்?"

"ஆமா சார். நானும் கேட்காமப் போட்டேன். எனக்கும் நேத்திலேர்ந்து வெக்கமாத்தான் இருக்கு."

"நேத்திலேர்ந்தா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்துதான் கேட்டேன். உங்களைக் கேட்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரே வந்துட்டார்."

குரு தவறை ஒப்புக்கொண்டதில் சீடருக்கு இன்னும் குழப்பம் கூடிவிட்டது. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"எது நிஜமான ஆல்பம் மேடம்? அவங்க செஞ்சதா, நான் கேட்டதா? கேட்டது பொய்யின்னா நான் ஏன் சாப்பிடாம உக்காந்து எழுதினேன்?"

தில்ஷாத் அருகில் வந்து, அவர் கழுத்தில் தொங்கிய இயர்போனின் இடது முனையை எடுத்து அவருடைய இடது காதில் வைத்தார். வலது முனையைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். முதல் பாட்டைப் போட்டார்.

"இப்போ கேளுங்க."

குணசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல."

"கேளுங்க."

"ஒரு அடி விழுந்துது. திரும்பவும் ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருக்கான்."

"ம்."

"இப்போ ரெண்டு அடி. ஒரு முனகல். மறுபடி சும்மா. இவ்வளவு நேரமா சும்மா இருப்பான் ஒருத்தன்?"

"எதுக்கு சும்மா இருக்கார்?"

"அந்தப் பிள்ளை பாடுது போல."

"பாடுறது உங்களுக்குக் கேக்குதா?"

குணசீலன் காதைக் கையால் பொத்திக்கொண்டார். நெற்றி சுருங்கியது. அவனுடைய மைக்கில் அவளுடைய குரல் லேசாகப் பட்டிருந்தது. எங்கோ தள்ளி, வாசல் தாண்டி யாரோ பாடுகிற அளவுக்குத்தான்.

"கேக்குது. தூரத்துல. பக்கத்துத் தெருவுல..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தில்ஷாத் அடுத்த பாட்டைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார். குணசீலன் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கட்டத்தில், தூரத்துக் குரல் நிற்கப்போகும் நேரத்தில், அடி விழுவதற்கு முன்பே அவருடைய விரல் மேசையில் தட்டியது. அவருக்கே அது தெரிந்ததா என்பது சந்தேகம்.

அப்போது தில்ஷாத்தின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு நீட்டினார்.

"பூங்கோதை. உங்ககிட்டதான் பேசணுமாம்."

குணசீலன் போனைப் பாம்பை வாங்குவது போல் வாங்கினார்.

"சார், நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். என் பாட்டை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"அம்மா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ஒரு பக்கம்தான் கேட்டேன். என் இயர்போன்ல இடது பக்கம் வேலை செய்யலை."

"அப்போ அவன் இல்லாம கேட்டுட்டுத்தான் அப்படி எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"அது நல்லா இருந்துச்சா சார்?"

குணசீலன் தில்ஷாத்தைப் பார்த்தார். தில்ஷாத் ஜன்னல் வழியே கீழே பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் குணசீலன். பொய் சொல்லத் தெரியாமல் போன நாள் அது.

"எனக்கும் அப்படித் தோணுது சார். அவன் இல்லாமலே நல்லா இருக்குமோன்னு. இல்ல, அப்படித் தோணலை. தெரியலை சார். படிச்சதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் புரியலை. விழாக்காரங்க சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்கிறாங்க. நான் ஞாயித்துக்கிழமை தனியாப் போகட்டுமா? நீங்க சொன்னா போறேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

குணசீலன் போனைக் கையால் மூடிக்கொண்டார். ஐந்துக்கு இரண்டரை போட்ட காலத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"மேடம், போகட்டுமான்னு கேக்குது. நான் என்ன சொல்ல? போகச் சொன்னா அவன் போச்சு. போகாதேன்னா அந்தப் பிள்ளையோட வாய்ப்பு போச்சு. எனக்கு அந்த ஒத்தைக் குரல்தான் இன்னமும் காதுல நிக்குது. ஆனா அவன் உக்காந்திருந்ததையும் கேட்டுட்டேன். நான் யாரு இதைச் சொல்ல?"

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் சார். ஒண்ணு கேளுங்க."

"என்ன?"

"ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிறுத்தறாங்களே, ஞாயித்துக்கிழமை நிறுத்துவாங்களான்னு கேளுங்க."

குணசீலனுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. கையை எடுத்தார்.

"அம்மா. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நிறுத்தறீங்க இல்ல?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை நிறுத்துவீங்களா?"

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. குணசீலன் காத்திருந்தார். ஹலோ என்றார். இன்னொரு ஹலோ. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"மேடம், சத்தமே காணோம். லைன் கட்டாயிடுச்சா?"

தில்ஷாத் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"கட்டாகலை சார். நிறுத்தியிருக்காங்க. போனைக் கீழ கொண்டுபோய் அவர்கிட்ட குடுங்க."