அழுத்திப் பிழிந்த திராட்சை

வருஷத்துக்கு இரண்டு அறுவடை பார்ப்பவர் இருதயராஜ்.

கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டிக்காரர். நாசிக்கில் ஒயின் தொழில் பழகினார். ஒயினுக்கான திராட்சை ஆண்டுக்கு ஒரு முறைதான் அறுவடைக்கு வரும். நாற்பது தாண்டிய ஒருவனுக்கு இன்னும் எத்தனை முறை வாய்க்கும் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார். பயமாகிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம். மார்ச்சில் ஆஸ்திரேலியா, இல்லாவிட்டால் தென்னாப்பிரிக்கா. செப்டம்பரில் போர்ச்சுகல், இல்லாவிட்டால் ஜார்ஜியா. உலகத்தின் ஒரு பாதியில் கொடி காய்ந்து நிற்கும்போது மறு பாதியில் குலை தொங்கும். அங்கே இருப்பார் இருதயராஜ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எங்க சார் நேரம்?" என்பார்.

அந்த மார்ச்சில் அவர் அடிலெய்டுக்கு வடக்கே, சுகந்தினியின் ஒயின் கூடத்துக்கு வந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு அங்கே ஓர் அறுவடை வேலை பார்த்தவர்தான். எந்த ஒயின் கூடத்துக்கும் இரண்டாம் முறை போகாதவர், சுகந்தினிக்காகத்தான் திரும்பி வந்தார். சுகந்தினி யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவர். இருதயராஜைவிட வயதில் இளையவர். அவர் செய்த ஒயினைக் குடிப்பவர்கள் பாதிக் கிளாசில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். இருதயராஜ் மனதுக்குள் அவரைக் குருவாக வைத்திருந்தார். வாயால் "மேடம்" என்றார். சுகந்தினி அவரை "அண்ணை" என்றார்.

வந்த அன்றே இருதயராஜ் தோட்டத்தில் வைத்துக் கேட்டார்.

"மேடம், நானும் எத்தனையோ அறுவடை பார்த்துட்டேன். எத்தனையோ நாடு. இன்னும் நான் நினைச்ச மாதிரி கைக்கு வரல. இன்னும் எத்தனை பார்த்தா வரும்?"

சுகந்தினி ஒரு பழத்தை வாயில் போட்டு விதையைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலமை இந்தப் பக்கம் பறிக்கலாம்," என்றார்.

"நான் கேட்டது..."

"ஓம் அண்ணை, கேட்டனான். முதல்ல பழம் உள்ளுக்கு வரட்டும்."

அந்த வாரம் பாலைவனத்துக் காற்று இறங்கியது. ஒன்றன் பின் ஒன்றாகப் பழுக்கவேண்டிய தோட்டங்கள் எல்லாம் ஒரே மூச்சில் பழுத்தன. விவசாயிகள் மாறிமாறிப் போன் செய்தார்கள். இன்றைக்கே எடுக்காவிட்டால் கொடியிலேயே வற்றிவிடும் என்றார்கள். கூடத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இருதயராஜின் விரல்கள் நகக்கண் வரை கறுத்துப்போயின. அவருக்கு அது பிடித்திருந்தது. இந்தப் பரபரப்புக்காகத்தானே விமானம் ஏறி வருகிறார்.

சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைத் தோலும் விதையுமாகவே தொட்டியில் நொதிக்க விடுவார்கள். பிறகு சாற்றை வடித்துவிட்டு, மிஞ்சிய சக்கையைப் பிழிவார்கள். பிழிந்து முடித்தால்தான் தொட்டி காலியாகும். தொட்டி காலியானால்தான் வெளியே நிற்கும் லாரியிலிருந்து புதுப் பழத்தை இறக்க முடியும்.

அன்று மத்தியானம் வெளியே மூன்று லாரிகள் நின்றன. வெயிலில் பழம் சூடேறிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இருதயராஜ் பிழியும் இயந்திரத்தின் அழுத்தத்தை ஏற்றினார். சாறு வேகமாகக் கொட்டியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

இயந்திரம் நின்றது.

திரும்பிப் பார்த்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் சுகந்தினி நின்றிருந்தார். கையில் பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலும் ஒரு கிளாசும்.

"என்ன மேடம், கரண்ட் போச்சா?"

"இல்லை. நான்தான் நிப்பாட்டினனான். இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்கோ."

"இப்பவா? வெளியில மூணு லாரி நிக்குது!"

"நிக்கட்டும்."

இருதயராஜுக்குக் கோபம் வந்தது. கிளாசைப் பிடுங்காத குறையாக வாங்கி ஒரு வாய் குடித்தார். விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். துப்பிவிட்டு மறுபடி குடித்தார். கோபம் எங்கோ போய்விட்டது.

"பழம் அருமையான பழம். வாசனையும் குறை சொல்ல முடியாது. ஆனா கடைசியில ஒரு கசப்பு வருது பாருங்க, அது நாக்கை விட்டுப் போக மாட்டேங்குது. விதைக் கசப்பு."

"எப்பிடி வந்தது?"

"சக்கையை விடாம அழுத்தியிருக்காங்க. இவ்வளவு நல்ல பழத்தை எந்தப் பாவி மேடம் இப்படிக் கெடுத்தான்?"

"நீங்கள்தான் அண்ணை. ஓடைக்கரைத் தோட்டத்துப் பழம். மூண்டு வருசத்துக்கு முந்தி."

இருதயராஜ் கிளாசைப் பார்த்தார்.

ஓடைக்கரைப் பழத்தை அவர் மறக்கவில்லை. தன் வாழ்நாளில் தொட்டதிலேயே சிறந்தது அதுதான் என்று போர்ச்சுகலில் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியாவில் ஒரு விருந்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். தொட்டியிலிருந்து இறங்கும்போது அந்தச் சாறு மணத்த மணம் இன்னும் மூக்கில் இருந்தது. அது பீப்பாய்க்குள் போன வாரமே அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"அன்னைக்கும் லாரி நின்னுச்சு," என்றார் மெதுவாக.

"எந்த வருசமும் நிக்கும்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்?"

"அப்ப எனக்கும் விளங்கேல்லை. புது ஒயின் எல்லாமே வாயில முரடாத்தான் இருக்கும். அதெல்லாம் அடங்கின பிறகுதான் கசப்பு தனியாத் தெரிஞ்சது. பீப்பாயைத் திறந்து உங்களுக்குக் காட்ட வேணும் எண்டு பாத்தன். நீங்கள் அப்ப எந்த நாட்டில எண்டும் எனக்குத் தெரியாது."

இருதயராஜ் நினைத்துப் பார்த்தார். போர்ச்சுகலிலும் லாரிகள் நின்றன. அழுத்தத்தை ஏற்றினார். தென்னாப்பிரிக்காவிலும் அதேதான். எல்லா இடத்திலும் வேகமான ஆள் என்று பெயர் எடுத்தார். எல்லா இடத்திலும் அறுவடை முடிந்ததும் கை குலுக்கிவிட்டுப் புறப்பட்டார். தான் செய்த ஒயினை, அது முதிர்ந்த பிறகு, எங்கேயாவது ஒரு வாய் குடித்திருக்கிறோமா என்று யோசித்தார். ஓர் இடமும் நினைவுக்கு வரவில்லை.

கிளாசைக் கீழே வைத்தார். அழுத்தத்தை இறக்கிவிட்டு இயந்திரத்தைப் போட்டார். சாறு நூலாக இறங்கியது.

சுகந்தினி லாரிக்காரர்களிடம் போனார். ஒரு லாரி காத்திருக்கச் சம்மதித்தது. இன்னொன்று நிழல் தேடிப் போயிற்று. மூன்றாவது, நிக்கோஸ் என்ற கிரேக்கக் கிழவருடையது. அவர் பல வருஷமாகச் சுகந்தினிக்கு மட்டுமே பழம் கொடுத்து வந்தவர். வெயிலில் நின்று கத்தினார். சுகந்தினி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்த லாரியைப் பக்கத்துக் கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த வருஷத்தின் நல்ல பழங்களில் அதுவும் ஒன்று. அது வேறொருவருடைய ஒயினாகிவிட்டது. அதைப் பற்றி இருதயராஜிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் கொடிகள் வெறுமையாயின. வேலைக்கு வந்திருந்த பிரெஞ்சுப் பையன்களும் சிலி நாட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். இருதயராஜும் பெட்டியைக் கட்டினார். நடுவில் கொஞ்சநாள் ஊர், பிறகு ஜார்ஜியா. வாசலில் கார் வந்து நின்றது. சொல்லிக்கொண்டு போகப் பீப்பாய்க் கூடத்துக்குள் நுழைந்தார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுகந்தினி தனியாக நின்று ஒரு பீப்பாயின் வாயைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஜாடியிலிருந்து ஒயினைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வர்றேன் மேடம்."

"சந்தோசம் அண்ணை. சுகமாப் போயிட்டு வாங்கோ."

இருதயராஜ் போகவில்லை. வரிசையாகக் கிடந்த பீப்பாய்களைப் பார்த்தார். பாதிக்கு மேல் அவர் பிழிந்தது.

"எல்லாரும் போனதுக்கு அப்புறம் இங்க என்ன மேடம் வேலை இருக்கும்?"

"பெரிசா ஒண்டுமில்லை. பீப்பாய் மரம் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கும். குறைஞ்ச இடத்தில காத்து நிண்டா ஒயின் கெட்டுப்போகும். கிழமைக்கு ஒருக்கா நிரப்ப வேணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதை யார் வேணாலும் செய்யலாமே."

"ஓம். ஆர் நிண்டாலும் செய்யலாம்."

இருதயராஜ் வெளியே போனார். டிரைவருக்கு வந்ததற்கான கூலியைக் கொடுத்துப் போகச் சொன்னார். ஜார்ஜியாவுக்குப் போன் போட்டு, இந்த முறை வரமுடியாது என்றார். அங்கே இருந்தவர் காரணம் கேட்டார். மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள். இந்தச் செப்டம்பரில் அவருக்கு அறுவடை இல்லை. சற்று நேரம் வெயிலில் நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"எந்தப் பீப்பாய்ல குறைஞ்சிருக்கு மேடம்?"

சுகந்தினி ஜாடியை அவர் கையில் கொடுத்தார்.

"வெளியில நிண்டு பாத்தாத் தெரியாது அண்ணை. ஒவ்வொண்டாத் திறந்து பாருங்கோ."